மாப்பிள்ளை கேட்ட வயர்

அந்த வயரை மட்டும் கீழே தொங்க விடாதே அம்மா. பையில் வை, இல்லாவிட்டால் மடியில் வை. பஸ்ஸில் யார் கால் எங்கே மாட்டும் என்று சொல்ல முடியாது. உன்னை அதட்டவில்லை. லேப்டாப்புக்குப் பக்கத்தில் வயரைக் கண்டாலே எனக்குப் போன தீபாவளி ஞாபகம் வந்துவிடுகிறது, அதுதான்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறதே, அது லினக்ஸ்தானே? அப்படிப் பார்க்காதே. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் வைஃபை கார்டுக்கு டிரைவர் இல்லாவிட்டால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்று இந்த பஸ்ஸில் என்னைப் போல யாரும் உனக்குச் சொல்ல முடியாது. டிரைவர் என்றால் முன்னால் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாரே, அவர் இல்லை. அது எனக்குத் தெரியும்.

போன தீபாவளி என் மகள் நிவேதாவுக்குத் தலைதீபாவளி. மாப்பிள்ளை பிரசன்னா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனுஷன். சிரித்த முகம், அதட்டிப் பேச வராது. முன்னாலேயே உனக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் கதை புரியும். அவருக்கு அப்போது வேலை போயிருந்தது. ஆபீஸில் கொடுத்த லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். யாரிடமோ பழசு ஒன்றை வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதில் இனாமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தீபாவளியன்று காலை பத்து மணிக்கு ஒரு ஆஸ்திரேலியாக் கம்பெனிக்காரன் அந்த லேப்டாப்பில் முகம் பார்த்து இன்டர்வியூ எடுக்கப்போகிறான். அவனுக்கு ஏது தீபாவளி. அதில் தேறினால்தான் குடும்பம் ஓடும். இது மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் மட்டும் தெரியும். எனக்குத் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும் என்பதால் நீ என்னைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்துவிடாதே.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்யாணத்தின்போது அவர் லேப்டாப் மூடியில் கம்பெனி முத்திரை இருந்தது, இப்போது இல்லை என்பதுதான். பதவி உயர்ந்து சொந்தமாகவே வாங்கிவிட்டார் போல என்று வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் சாயங்காலம் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கைக்கடிகாரம், லேப்டாப், ஒரு வயர் எல்லாவற்றையும் டீப்பாயில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அடுத்த வீடு என் நாத்தனார் சண்முகக்கனி. அவள் பேரன் எங்கள் வீட்டிலேயே கிடப்பான். நான் அடுப்படியிலிருந்து வந்து பார்க்கிறேன், அந்த வயரில் பொம்மைக் காரைக் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறான். வயர் என்றால் சாதாரண வயர் இல்லையம்மா. சடை பின்னினது மாதிரி நூல் சுற்றி, இரண்டு நுனியிலும் பளபளவென்று பூண் போட்டது. பறித்துக் கடிகாரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். விசேஷ வீட்டில் ஆயிரம் பேர் வருவார்கள், போவார்கள். கடிகாரத்தைப் பற்றி நிவேதாவிடம் சொல்லிவிட்டேன். வயரைச் சொல்லவில்லை. வயர்தானே.

அன்றைக்கே ஆரம்பித்தது. மாப்பிள்ளை லேப்டாப்பைத் திறந்தார். கறுப்புத் திரை. என்னமோ தட்டினார், பெருமூச்சு விட்டார். மறுபடி தட்டினார், மறுபடி பெருமூச்சு. இவர் வருகிறார் என்றுதான் கேபிள்காரரிடம் சொல்லி வைஃபை வாங்கி, ஹாலில் டிவிக்கு மேலே பெட்டி மாட்டி வைத்திருந்தோம். பச்சை விளக்கு ஜம்மென்று மினுக்குகிறது. போனில் வருகிறது. அவர் லேப்டாப்பில் மட்டும் அப்படி ஒரு பெட்டி வீட்டில் இருப்பதாகவே காட்டவில்லை.

பிற்பாடு நிவேதா எனக்கு விளக்கினாள். லேப்டாப்புக்குள் வைஃபை கார்டு என்று நகத்தளவு ஒரு பொருள் இருக்கிறது. அது என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதுதான் டிரைவர். அந்தக் கார்டுக்கு உண்டான டிரைவர் லினக்ஸோடு கூடவே வரவில்லை. இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டும். இன்டர்நெட் வர வைஃபை வேண்டும். வைஃபை வர டிரைவர் வேண்டும். நம் ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள். கார்டு வாங்க முகவரிக்குச் சான்று கேட்பான், சான்று கேட்டால் ரேஷன் கார்டைக் காட்டு என்பான். இதற்கு ஒரே வழி, போனையும் லேப்டாப்பையும் ஒரு வயரால் சேர்த்து, போனில் வரும் இன்டர்நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து டிரைவரை இறக்குவது. முகம் பார்த்து இன்டர்வியூ பேச அந்த ஒட்டு வழி தாங்காதாம். அந்த வயர் எது என்கிறாய்? அதேதான்.

அவர் வயரைத் தேடுகிறார். என்னிடம் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்? எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேசும் வழக்கம் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வேன், அவள் போய்ச் சொல்வாள், அவர் சொன்னதை வந்து சொல்வாள். நடுவில் பாதி சிந்திவிடும். மறுநாள் நான் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருக்கிறேன், கம்பிப் பதம் தப்பினால் அவ்வளவும் பாழ். நிவேதா வந்து, “அம்மா, ஒரு வயர் பார்த்தியா?” என்றாள். அடுப்புமேடையில் கிடந்த என் போன் வயரைக் கொடுத்தேன். திரும்பி வந்து, இது இல்லை என்றாள். வீட்டுக்காரர் வயரைக் கொடுத்தேன். அதுவும் இல்லையாம். சண்முகக்கனி வீட்டிலிருந்து வேறு வாங்கிக் கொடுத்தேன். அந்த மூன்றிலும் கரண்டு மட்டும்தான் போகுமாம், பேச்சுவார்த்தை போகாதாம். அதை எனக்கு யார் சொன்னார்கள்? சடை போட்ட வயர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டேனா? ஆனால் பழி யார்மேல் வந்தது? விடு.

எனக்கு உள்ளுக்குள் வேறு உறுத்தல். தலைதீபாவளிக்கு மோதிரம் போடுவதாகப் பேசியிருந்தோம். வாங்கியும் விட்டோம். கொஞ்சம் மெலிசு. பார்க்க அகலமாக இருக்கும், கையில் எடுத்தால் தெரிந்துவிடும். இதை என் மகள் அவரிடம் உளறியிருப்பாள், அதுதான் மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். சாப்பிடக் கூப்பிட்டால், அப்புறம் என்கிறார். பலகாரத் தட்டை வைத்தால் ஈ மொய்க்கிறது. புது மாப்பிள்ளை இப்படி இருந்தால் அதற்கு ஊரில் என்ன பெயர்?

சண்முகக்கனிக்கு இதெல்லாம் அல்வா. வாசல்நடையில் உட்கார்ந்துகொண்டு, “என்ன மதினி, மாப்பிள்ளைக்கு முறுக்கா?” என்றாள்.

இல்லையே, ஆபீஸ் வேலை என்றேன்.

“எங்க மாப்பிள்ளையும் மொத நாள் ஆபீஸ் வேலைன்னுதான் சொன்னாரு. வண்டிச் சாவியைக் கையில குடுத்ததும் வேலை முடிஞ்சிருச்சு.”

அவளுக்கு இதில் அனுபவம். முறுக்கில் வாய் திறந்து கேட்கிற முறுக்கு ஒன்று, நீயாகத் தெரிந்துகொள் என்கிற முறுக்கு ஒன்று, உங்கள் மாப்பிள்ளை இரண்டாவது ரகம், செலவு கூட ஆகும் என்றாள். பீரோவில் இருக்கிற நகையை நினைத்து எனக்கு இடுப்புச் சாவி சுட்டது.

கடைக்குப் போய் ஒரு வயர் வாங்கியிருக்கலாமே என்று கேட்பாய். அதற்கும் கிளம்பினார் அந்த மனுஷன். அன்று சாயங்காலம் முகம் தொங்கிப்போய், யாரிடமும் சொல்லாமல், செருப்பை மாட்டுகிறார். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை விளக்கு வைக்கும் நேரத்தில் தனியாக வாசல் தாண்டினால் அதற்கு என்ன அர்த்தம்? நான் சாடை காட்ட, வீட்டுக்காரர் ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “மாப்ள, எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். தெருவுல மானம் போயிரும்” என்று கெஞ்சினார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்து, மாமா, ஒரு வயர் என்று ஆரம்பித்தார். வயரென்ன மாப்பிள்ளை, உயிரையே தருகிறோம் என்று சொல்லி உள்ளே கூட்டிவந்து ஊஞ்சலில் உட்காரவைத்துவிட்டார். நான் செருப்பை எடுத்துத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் போட்டேன். நிவேதா கடைக்குக் கிளம்பினாள். நீயும் போனால் ஜோடியாகக் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்பார்கள், உட்காரடி என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவை நினைத்துத்தான் அடித்துக்கொள்கிறாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது புருஷனை நினைத்து என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் வைக்க மாப்பிள்ளையை மனையில் உட்காரவைத்தால், மடியில் லேப்டாப்போடு வந்து உட்காருகிறார். நம் வீட்டுச் சடங்கில் அது ஒரு புது அங்கம். சண்முகக்கனி உச்சியில் எண்ணெய் வைக்க வைக்க, இவர் குனிந்து தட்டிக்கொண்டே இருக்கிறார். ஏற்கெனவே உள்ளே இருப்பதை வைத்தே ஏதாவது ஒட்டுப்போட முடியுமா என்று பார்த்தாராம். காதோரம் எண்ணெய் வழிந்து எழுத்துக் கட்டைமேல் சொட்டுகிறது. அவர் புறங்கையால் துடைத்துவிட்டுத் தட்டுகிறார். ஒவ்வொரு தடவையும் வரிவரியாக ஓடிக் கடைசியில் ஒரே வார்த்தை வந்து நிற்கிறது. எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அவர் மூஞ்சியைப் படிக்கத் தெரியும்.

குளித்துப் புதுத்துணி உடுத்தினதும் வீட்டுக்காரர் தட்டில் வைத்து மோதிரத்தைக் கொடுத்தார். மாப்பிள்ளை எடுத்தார், நன்றி மாமா என்றார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லேப்டாப்புக்குப் போய்விட்டார். விரலில் மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. எடை பார்த்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். சண்முகக்கனி என் தோளில் தோளை இடித்து, “மதினி, ரெண்டாவது ரகம்” என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. என் அம்மா எனக்குப் போட்ட செயின் ஒன்று பீரோவில் இருந்தது. அதைக் கொடுத்துத் தொலைத்துவிடலாம், பிள்ளை நல்லபடி வாழட்டும் என்று உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். கண்ணில் தண்ணீர். நிவேதா பின்னாலேயே வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. நகைப்பெட்டியை எடுக்கிறேன், அதன்மேல் அந்த வயர் சுருண்டு கிடந்தது.

“அம்மா, இது இங்க என்ன பண்ணுது?” என்றாள்.

அந்தப் பொடியன் இழுத்துக்கொண்டு திரிந்தான், நான்தான் பத்திரப்படுத்தினேன் என்றேன். அவள் வாசல் பக்கம் திரும்பி, “ஏங்க, இங்க வாங்க” என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை ஓடிவந்து அறைக் கதவில் நிற்கிறார். நான் ஒரு கையில் செயினும் இன்னொரு கையில் வயருமாக நிற்கிறேன். ஒதுங்கி நிற்கக்கூட இடமில்லை. செயினை நீட்டினேன்.

“அத்தை, அது வேண்டாம்” என்றார். “இதைக் குடுங்க.”

கல்யாணமாகி என்னிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். வயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். நிவேதா கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். வேலை போனது, பத்து மணி, ஆஸ்திரேலியாக்காரன், எல்லாம். போனிலேயே பேசக் கூடாதா என்றேன். கேள்வி கேட்கக் கேட்க எழுதிக் காட்ட வேண்டுமாம், போன் ஆகாதாம். ஏண்டி எங்களிடம் சொல்லவில்லை என்றால், “சொன்னா அடுத்த நிமிஷம் அத்தை வீட்டுக்குத் தெரியும்மா” என்கிறாள். என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கிறாள் பார்.

ஹாலுக்குப் போனேன். வழக்கமாவது ஒன்றாவது, அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்றேன். மணி பத்து ஆகப்போகிறது. வயர் மாட்டியிருக்கிறது. திரையில் ஒரு கோடு எறும்பு ஊர்கிற மாதிரி நகர்கிறது. “இறங்குது அத்தை” என்றார், திரும்பாமலே. இறங்கி முடிந்து, அணைத்துப் போட்டார். அந்தத் திரை இருட்டாக இருந்த நேரம் இருக்கிறதே, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி. வெளிச்சம் வந்தது. மூலையில் விசிறி மாதிரி ஒரு அடையாளம் முளைத்தது. அதைத் தொட்டதும், அவர் வாசித்துச் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுப் பெயர், சண்முகக்கனி வீட்டுப் பெயர், தெருவில் இருக்கிற அத்தனை வைஃபையும் வரிசையாக வந்து நின்றது. மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று தெரியவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேன்.

அப்போதுதான் தெருவில் ஒரு வெடி. ஜன்னல் அதிர்ந்தது. மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தச் சத்தத்தில் ஆஸ்திரேலியாக்காரன் கேட்பது எப்படிக் காதில் விழும்?

நான் வெளியே வந்தேன். சண்முகக்கனி வாசலிலிருந்து எங்கள் வாசல் வரைக்கும் சரவெடியை நீட்டிப் போட்டிருக்கிறாள். பத்தாயிரம் வாலா. பொடியன் ஊதுபத்தியோடு குனிகிறான். கொஞ்ச நேரம் பொறு என்றேன். நல்ல நேரம் முடியப் போகிறது என்கிறாள். கெஞ்சினேன். என்ன விஷயம் என்கிறாள். விஷயத்தைச் சொன்னால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று பரவிவிடும். வாசலில் கோலத்துக்கு வைத்திருந்த வாளித் தண்ணீர் இருந்தது. சரத்தின் மேல் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை ஒரே ஊற்று.

தெருவே வெளியே வந்துவிட்டது. சண்முகக்கனி இடுப்பில் கை வைத்து, “ஏன் மதினி, உங்க மாப்பிள்ளைக்கு வெடிச் சத்தம் ஆகாதோ?” என்றாள்.

“ஆகாது. கோவத்துல இருக்காரு” என்றேன். “செயின் கேக்காரு. நான் போடுற வரைக்கும் இந்தத் தெருவுல ஒரு வெடி வெடிக்கக் கூடாதுங்காரு.”

எப்படி வந்தது வாயில் என்று தெரியவில்லை. தெரு அப்படியே அடங்கிவிட்டது. மாப்பிள்ளை முறுக்கு என்றால் நம் ஊரில் ஒரு மரியாதை உண்டு பார். ஆண்பிள்ளைகள் கம்பி மத்தாப்பைக்கூட அணைத்துவிட்டு நின்றார்கள். நான் வாளியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வீட்டுக்காரர் தெருக்கோடியில் நின்று வருகிற போகிறவர்களிடம் கும்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் விஷயமே தெரியாது. அவரும் செயின் என்றுதான் நம்பினார்.

இன்டர்வியூ முடிந்து மாப்பிள்ளை வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. நேராக அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார். பசிக்குது அத்தை என்றார். இட்லி வைத்தேன். எண்ணாமல் வைத்தேன், எண்ணாமல் சாப்பிட்டார். நடுவில் தலையை நிமிர்த்தி, “ஜன்னல் வழியா கேட்டுச்சு. நான் செயினா அத்தை கேட்டேன்?” என்றார்.

“வேலை இல்லைன்னு சொல்லவா, செயின் கேட்டீங்கன்னு சொல்லவா?”

இன்னொரு இட்லியைச் சட்னியில் புரட்டினார். “செயின்னே இருக்கட்டும்” என்றார்.

வேலை கிடைத்துவிட்டதம்மா. பழையதைவிட நல்ல வேலை. வயரைப் பூட்டி வைத்ததாலேதான் இவ்வளவு கஷ்டம் என்று என் மகள் இன்னும் குத்திக்காட்டுகிறாள். அந்தப் பொடியன் கையில் விட்டிருந்தால் வயர் அன்றைக்கே அறுந்து சாக்கடையில் கிடந்திருக்கும். அப்போது டிரைவருக்கு எங்கே போவார்கள்? நான் பத்திரப்படுத்தினதால்தானே இருந்தது. இதை எடுத்துச் சொன்னால் அவள் எழுந்து போய்விடுகிறாள்.

இப்போது எதற்கு மதுரைக்குப் போகிறேன் என்றால், அந்தப் பொடியனுக்கு அங்கே காதுகுத்து. நனைந்த சரத்துக்காகச் சண்முகக்கனி மாசக்கணக்கில் பேசாமல் இருந்தாள். ஆனாலும் பத்திரிகை வைத்துவிட்டாள். எதற்கு? செயினைப் பார்க்க. ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள், அவள் அண்ணன் மருமகன் தெருவையே அடக்கிச் செயின் வாங்கினவர் என்று. மாப்பிள்ளையோ செயின் வேண்டவே வேண்டாம் என்று தீபாவளியன்றே சொல்லிவிட்டார். இப்போது என் ரவிக்கைக்குள் இருக்கிறது, மெதுவாகப் பேசு. அவர் பெங்களூரிலிருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து டீக்கடையில் நிற்பார். அங்கேயே கழுத்தில் போட்டுவிட்டு மண்டபத்துக்குப் போக வேண்டும். விசேஷம் முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

காலையில் போன் பண்ணினார். இப்போதெல்லாம் எனக்குத்தான் நேராகப் பண்ணுகிறார், மகளுக்கு இல்லை.

“அத்தை, அங்க வந்தும் நான் முறுக்கிக்கணுமா?”

“அவ முன்னாடி மட்டும் மாப்ள. பந்தியில மொத தடவை கூப்பிட்டா எந்திரிக்காதீங்க. மூஞ்சியைக் கொஞ்சம் தூக்கி வச்சிக்கிடுங்க.”

எப்படித் தூக்கி வைப்பது என்று கேட்கிறார். சிரிக்கிற சத்தம் போனிலேயே கேட்கிறது. இவ்வளவு படித்த மனுஷன், முறுக்க மட்டும் தெரியவில்லை. மதுரை வருவதற்குள் அதையும் நான்தான் யோசித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.